கத்தத் தெரிந்த குரல்

தாரணி கணவனோடு சண்டை போட்டு மாதக்கணக்காகிவிட்டது. ஆசை இல்லாமல் இல்லை. காரணங்களுக்கும் பஞ்சமில்லை. ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுவது, சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டதாகப் பொய் சொல்வது என்று பூபதி தினமும் ஒன்றாவது தயாராக வைத்திருந்தார். ஆனால் அவள் தன் ஆத்திரத்தைக் கைப்பேசியில் தட்டி முடிப்பதற்குள் அவர் குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டிருப்பார். எழுதியதை அழித்துவிட்டுக் குழம்பைக் கிளறப் போவாள். அழித்த சண்டைகள் தொண்டைக்குள்ளேயே தங்கிப்போனது போல இருக்கும்.

தொண்டை என்று சொல்வதும் இப்போது பழக்கத்தினால்தான். புற்று வந்து குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். கழுத்தின் நடுவே இருந்த சின்னத் துளை வழியாகத்தான் மூச்சு. உயிருக்கு ஆபத்து நீங்கிவிட்டது என்று மருத்துவர் சொன்ன அன்று பூபதி கோயமுத்தூர் முழுக்கத் தெரிந்தவர்களுக்கெல்லாம் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். தாரணி மட்டும் படுக்கையில் கிடந்தபடி தன் நீச்சல் குளத்தை நினைத்துக்கொண்டிருந்தாள்.

பெண்களுக்கு நீச்சல் சொல்லிக் கொடுப்பது அவள் வேலை. கழுத்தில் துளை இருப்பவள் இனித் தண்ணீரில் இறங்க முடியாது. போகட்டும், கரையில் நின்று சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் கரையில் நிற்பவளுக்கு வேண்டிய ஒரே கருவி குரல்தானே?

குரல்பட்டை என்று ஒன்று வந்திருந்தது. கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டால், பேச நினைத்துத் தசைகள் அசைவதை அது படித்துக்கொண்டு வெளியே பேசும். அரசே இலவசமாகக் கொடுத்தது. அதில் ஒரே ஒரு பெண் குரல், ஒரே ஒரு ஆண் குரல். பொதுக்குரல் என்று பெயர். பெண்ணின் பொதுக்குரல் இனிமையானது, பணிவானது, ரயில் தாமதமாக வரும் என்பதைக்கூட வாழ்த்துச் சொல்வது போலச் சொல்லக்கூடியது. அதற்குக் கத்தத் தெரியாது.

பட்டை கட்டிய முதல் வாரம் மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் இரண்டு பெண்கள் ஒரு நாற்காலிக்காகச் சண்டை போட்டதைத் தாரணி பார்த்தாள். இருவருக்கும் அதே குரல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒரே பெண் தன்னைத் தானே மரியாதையாகத் திட்டிக்கொள்வது போல இருந்தது. அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சண்டை போட்ட இருவரும் சட்டென்று நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அன்று வீட்டுக்கு வந்ததும் தாரணி பட்டையைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். பிறகு எல்லாம் தட்டச்சுதான்.

"உங்க சொந்தக் குரலையே பட்டைக்குள்ள வைக்கலாமுங்க. முடியாதுன்னு இல்ல," என்றார் குரல் ஆணையத்தின் அதிகாரி நஸ்ரின். "ஆனா சட்டம் கடுசு. பழைய ஒலிப்பதிவு வேணும். நீங்களே, தெரிஞ்சே, ஊருக்குன்னு குடுத்ததா இருக்கணும்."

"ஃபோன்ல பேசுனது எவ்வளவோ இருக்குதுங்களே மேடம்," என்றார் பூபதி. "கல்யாண வீடியோ இருக்குது. எம்பட பொறந்தநாளுக்குப் பாடுனது இருக்குது."

"எதுவும் ஆகாதுங்க. செத்துப்போன மாமியா குரலச் செஞ்சு வீடு எழுதி வாங்கியிருக்காங்க. உயிரோட இருக்கிற பொண்டாட்டி குரலச் செஞ்சு விவாகரத்துக்குச் சம்மதம் சொல்ல வச்சிருக்கான் ஒருத்தன். வீட்டுக்குள்ள எடுத்த பதிவு எதையும் நம்பக்கூடாதுன்னு தீர்ப்பே இருக்கு."

தாரணி கைப்பேசியில் தட்டித் திரையைத் திருப்பிக் காட்டினாள். 'என் குரலை நானே வைத்துக்கொள்ள நான் யாரிடம் அனுமதி கேட்கிறேன்?'

நஸ்ரின் குனிந்து அதைப் படித்தார். "நியாயமான கேள்விதான் அக்கா," என்றார் பிறகு. "திருடனுக்குப் பூட்டுப் போட்டோம். வீட்டுக்காரங்களும் வெளிய மாட்டிக்கிட்டாங்க."

வீடு திரும்பும் வழியில் மகள் தளிர்தான் பின் இருக்கையிலிருந்து கேட்டாள். "அம்மா, நீ அந்தக் காலத்துல ஏதோ ஒரு தளத்துக்கு வார்த்தையெல்லாம் சொல்லிக் குடுப்பேன்னு அப்பா கேலி பண்ணுவாரே, அது என்ன?"

பூபதி வண்டியை ஓரமாக நிறுத்தியே விட்டார்.

சொல்லோசை என்பது அந்தத் தளத்தின் பெயர். உலகத்தில் எங்கிருந்தாவது யாராவது ஒரு சொல்லை எழுதி, இதை எப்படி உச்சரிப்பது என்று கேட்பார்கள். அந்த மொழிக்காரர் ஒருவர் அதைச் சொல்லிப் பதிவுசெய்து அனுப்புவார். வேண்டியவர்கள் கேட்கலாம், தங்களிடம் சேமித்துக்கொள்ளலாம். கல்யாணமான புதிதில், குளத்து வேலை கிடைப்பதற்கு முன், தாரணி மதிய நேரங்களில் சமையலறை மேடைமேல் உட்கார்ந்துகொண்டு இப்படி நிறையச் சொற்களைச் சொல்லி அனுப்பியிருந்தாள். ஒவ்வொரு பதிவிலும் யார் பேசியது, எப்போது அனுப்பியது என்று தளம் ஒரு முத்திரை குத்தும். அதை எந்தக் கருவியாலும் போலியாகச் செய்ய முடியாது.

"அது செல்லும்," என்றார் நஸ்ரின் தொலைபேசியில். குரலில் மகிழ்ச்சி தெரிந்தது. அடுத்த நொடியே அது இறங்கியது. "ஆனா சொல்லோசைய மூடிட்டாங்களேங்க. குரல் திருட்டு ஆரம்பிச்சப்பவே எல்லாத்தையும் அழிச்சுட்டாங்க. முத்திரையோட யாராவது சேமிச்சு வச்சிருந்தாத்தான் உண்டு. நீங்க வச்சிருக்கீங்களா சார்?"

"ஆளே பக்கத்துல இருக்கறப்ப குரல எதுக்குங்க சேமிக்கறது?" என்றார் பூபதி. சொல்லிவிட்டு அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

அப்பாவும் மகளுமாகத் தேடத் தொடங்கினார்கள். தமிழ் கற்பவர்கள் கூடும் இணையக் குழு ஒவ்வொன்றிலும் தளிர் ஓர் அறிவிப்பு வைத்தாள். தாரணி கோவை என்ற பெயரில் ஒருவர் சொன்ன சொல் எதையாவது நீங்கள் எப்போதாவது சேமித்தீர்களா? அது எங்கள் அம்மா. அவருடைய குரல் போய்விட்டது. திருப்பித் தர முடியுமா?

ஒரு வாரம் ஒன்றுமில்லை. பிறகு வார்சாவிலிருந்து ஒரு பெண், கத்தரிக்காயை அனுப்பினாள். அந்தச் சொல்லைச் சரியாகச் சொல்லிவிட்டால் மாமியாருக்குத் தன்னைப் பிடித்துவிடும் என்று அந்தக் காலத்தில் நம்பினாளாம். பிடித்துவிட்டது, நன்றி, என்று எழுதியிருந்தாள். பினாங்கில் லாரி ஓட்டுகிறவர் 'மாதுளை'யை அனுப்பினார். மகளுக்கு அந்தப் பெயரை வைப்பதற்கு முன் அது காதுக்கு எப்படி இருக்கும் என்று கேட்டுப் பார்க்க எடுத்தாராம். டொராண்டோவில் ஒருவரிடம் 'மன்னிப்பு' இருந்தது. யாரிடம் கேட்பதற்கு என்று அவர் சொல்லவில்லை.

சொற்கள் வந்துகொண்டே இருந்தன. காலையில் எழுந்ததும் பூபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் போவது கணினியிடம்தான். "தாரணி, இன்னைக்கு வெண்டைக்காயும் விண்வெளியும் வந்திருக்குது!" என்று கூவுவார். தாரணி கதவோரம் நின்று கேட்பாள். இருபத்தைந்து வயதில் தான் சொன்ன சொற்களைக் கேட்கக் கேட்க அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. தான் மறந்தே போன ஒன்றை யார் யாரோ, முகம் தெரியாதவர்கள், வீடு மாறும்போதும் கருவி மாறும்போதும் கூடவே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

குரல் செய்வதற்குப் போதுமான சொற்கள் சேர்ந்ததும் ஆணையத்தின் ஆய்வகத்தில் செய்து பார்த்தார்கள். தாரணி பட்டையைக் கட்டிக்கொண்டு, பூபதியைப் பார்த்து, "நல்லா இருக்கா?" என்றாள்.

அது அவள் குரல்தான். சந்தேகமில்லை. ஆனால் அகராதி பேசியது போல இருந்தது. ஒவ்வொரு சொல்லும் கழுவித் துடைத்து அடுக்கி வைத்த டம்ளர் மாதிரி தனித்தனியாக நின்றது.

"கொஞ்சம் கோவமாப் பேசும்மா," என்றாள் தளிர்.

தாரணி மூச்சை இழுத்து, குளத்தின் ஆழமான பக்கம் போகும் பிள்ளையைக் கூப்பிடுவதாக நினைத்துக்கொண்டு, முழு பலத்தோடு கத்தினாள். "திரும்பு" என்று பட்டை தெளிவாக, மெதுவாக உச்சரித்தது.

ஆய்வகத்து இளைஞன் உதட்டைப் பிதுக்கினான். "இருக்கறத வச்சுத்தான் குரலச் செய்ய முடியுமுங்க மேடம். தளத்தோட விதியே அதுதான். வார்த்தைய மட்டும் சொல்லணும், உணர்ச்சி கூடாது. நீங்க கத்துனது, சிரிச்சது ஒண்ணும் இந்தப் பதிவுகள்ல இல்ல."

தாரணி பட்டையைக் கழற்றிக் கைப்பையில் வைத்தாள். நீச்சல் குளத்து மேலாளர் இந்த மாதம் வரைக்கும்தான் இடத்தைக் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. கத்த முடியாதவளை நம்பி யார் பிள்ளையைத் தண்ணீரில் இறக்குவார்கள்?

அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஜோசியான் என்ற பெண் அழைத்தது அந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு நேரத்தில். கடல் நடுவே ரீயூனியன் தீவில் ஒரு மருத்துவமனையில் செவிலியாம். திரையில் வட்ட முகம், நரைத்த சுருட்டை முடி. பூபதியும் தளிரும் வணக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் அந்தப் பெண் போட்ட சத்தத்தில் பூபதியின் கையிலிருந்த அப்பளம் உடைந்தது.

"ஏனுங்க! காது கேக்குதா இல்லையா? எத்தன தடவ கூப்புடறது!"

தளிர் வாயைப் பொத்திக்கொண்டாள். பூபதி மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். சொற்கள் மட்டுமல்ல, இழுப்பும் ஏற்றமும், 'கூப்புடறது'வில் விழும் அந்தக் கொட்டும் அப்படியே தாரணி.

ஜோசியான் குழம்பினார். "தப்பாப் பேசிட்டனுங்களா? உங்களுக்கு என் சத்தம் கேட்குதான்னு கேட்டேன். எங்க வார்டுல எல்லாருகிட்டயும் இப்படித்தானுங்க கேப்பேன்."

"தப்பே இல்லீங்க," என்றார் பூபதி. "இத எங்கீங்க கத்துக்கிட்டீங்க?"

"எங்க தாத்தாவோட தாத்தா கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல்ல வந்தவருங்க. பேரு முத்துசாமின்னு மிச்சம் இருக்குது. தமிழ்ப் பேச்சுப் போச்சு. நான் புத்தகம் வச்சுப் படிச்சேன். வார்த்தை வந்துச்சு, பேச்சு வரல. அப்ப 'பொறுமை'ங்கிற வார்த்தைய எப்படிச் சொல்றதுன்னு சொல்லோசைல கேட்டேன். அந்தம்மா அனுப்பி வச்சாங்க. அதுல மட்டும் ஒரு வீடே இருந்துச்சுங்க. மறுநாள் பாத்தா விதி மீறல்னு தளத்துல எடுத்துட்டாங்க. நான் அதுக்குள்ள சேமிச்சுட்டேன். இத்தன வருஷமா அதப் போட்டுப் போட்டுத்தான் பேசப் பழகுனேன்."

அவர் அதை ஒலிக்கவிட்டார்.

'பொறுமை' என்றது இளம் தாரணியின் குரல், விதிப்படி, தெளிவாக. ஒரு நொடி அமைதி. பிறகு வெடித்தது. "ஏனுங்க! பால் பொங்குது பாருங்க! காது கேக்குதா இல்லையா? எத்தன தடவ கூப்புடறது! அடுப்ப அணைங்கன்னா ஜன்னலச் சாத்தறீங்க! ஐயோ, அதில்லீங்க, அந்தப் பக்கம், அந்தப் பக்கம்!" ஏதோ பாத்திரம் உருண்டது. ஓர் ஆண் குரல், "பாலு போனாப் போகுது, நீ பொறுமையாப் பதிவு பண்ணு," என்றது. அடக்க முடியாமல் அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். இருவரும் மூச்சு வாங்கும் வரை சிரித்தார்கள். அதோடு முடிந்தது.

தாரணி அழுதுகொண்டிருந்தாள்.

"அட, நிறுத்தற பொத்தான மறந்து தொலச்சியே, அதுவா!" என்று பூபதி மேசையைத் தட்டினார். "இந்த மறதிக்காக உன்னைய எத்தன வருஷம் கேலி பண்ணியிருக்கறேன்!"

கத்தல், பதற்றம், சிரிப்பு எல்லாம் இருந்தது. ஆய்வகத்து இளைஞன் கேட்டுவிட்டு, இது போதும், இதற்கு மேல் எதற்கு, என்று குதித்தான். ஆனால் கோப்பு நஸ்ரினின் மேசைக்குப் போனதும் அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

"மன்னிச்சுக்கங்க சார். இத ஏத்துக்க முடியாது. நிறுத்த மறந்து பதிவானதுன்னா, அக்காவுக்குத் தெரியாம எடுத்ததாத்தான் அர்த்தம். தெரிஞ்சே குடுத்ததுன்னு காட்டணும். இதுல நான் வளைஞ்சு குடுத்தா, நாளைக்கு ஒவ்வொருத்தனும் மறதின்னு சொல்லிட்டு வருவான்."

"சொந்தக்காரியே இங்க உக்காந்திருக்கறாளேங்க! இப்ப சம்மதம்னு எழுதிக் குடுக்கட்டும்."

"மிரட்டியும் எழுதி வாங்குவாங்க சார். அதனாலதான் அன்னைக்கு என்னங்கறதுதான் கணக்கு." நஸ்ரின் திரையில் முத்திரையின் விவரத்தைத் திறந்தார். படித்தார். மறுபடி படித்தார். "அக்கா," என்றார் மெதுவாக, "இந்தத் தளத்துல பதிவு பண்ணவங்க அத முழுசாக் கேட்டுட்டு, சரின்னு அழுத்துனாத்தான் அனுப்பும். நீங்க அனுப்பறதுக்கு முன்னால இத ஒரு தடவ இல்ல, பல தடவ திரும்பத் திரும்பக் கேட்டிருக்கீங்களே?"

பூபதி மனைவியைப் பார்த்தார். தாரணியின் காது மடல்கள் சிவந்தன. கைப்பேசியை எடுத்தாள். தட்டினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள். கடைசியில் திரையை நஸ்ரினுக்குக் காட்டாமல் கணவர் பக்கம் திருப்பினாள்.

'மறக்கவில்லை. தெரிந்துதான் அனுப்பினேன். கல்யாணமாகி நீங்கள் அப்படி வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அது எங்கேயாவது இருக்கட்டும் என்று தோன்றியது.'

பூபதி அதை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்து, பாதியில் முடியாமல் கைப்பேசியை நஸ்ரினிடம் நீட்டினார். நஸ்ரின் படித்துவிட்டு, தேவைக்கு அதிகமான நேரம் மேசை இழுப்பறையில் எதையோ தேடினார்.

"அடிக்கள்ளி," என்றார் பூபதி. "இத்தன வருஷம் கேலி பண்ணப்ப ஒரு வார்த்த சொன்னியா?"

தாரணி தோளைக் குலுக்கினாள்.

பதிவை ஏற்று, அதை வைத்துக் குரலும் செய்தாயிற்று. கடைசியாக மிச்சமிருந்தது அடையாளச் சோதனை. சொந்தக் குரல் கேட்பவர்கள் எல்லோரும் அதைத் தாண்ட வேண்டும். மிகவும் நெருங்கிய ஒருவர் தனி அறையில் உட்காருவார். ஆணையத்தின் கருவி செய்த போலிக் குரல்களும் உண்மைக் குரலும் கலந்து, ஒரே வாக்கியத்தைச் சொல்லும். எது என்று அவர் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் விண்ணப்பம் அதோடு முடிந்தது, ஆயுளுக்கும் பொதுக்குரல்தான்.

தாரணி பட்டை கட்டிக்கொண்டு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். அவளால் பூபதியைப் பார்க்க முடியும், அவருக்கு இவள் தெரியமாட்டாள். கல்யாண மாப்பிள்ளை போலச் சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்திருந்தார். தேர்வு எழுதும் பையன் மாதிரி இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டிருந்தார்.

"முதல் சுத்து," என்றார் தாரணியின் பக்கத்தில் இருந்த நஸ்ரின், ஒலிவாங்கியில். "வாக்கியம், 'மழை வர்ற மாதிரி இருக்குது, மாடியில காயற துணிய எடுத்து வைங்க.' இது எல்லா விண்ணப்பத்துக்கும் பொதுவான வாக்கியம்."

முதல் குரல் சொன்னது. பூபதி தலையைச் சாய்த்துக் கேட்டார். இரண்டாவது. மூன்றாவது சொன்னபோது தாரணிக்கே தூக்கிவாரிப்போட்டது. அச்சு அசல் அவளேதான், அவளை விடவும் கொஞ்சம் இனிமையாக. பூபதியின் உதடு விரிந்தது. தாரணி நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் இன்னும் வாயே திறக்கவில்லை. முதல் சுற்றில் இருந்தவை எல்லாமே போலி. அது அவளுக்கும் நஸ்ரினுக்கும் மட்டுமே தெரியும். சைகை காட்டினால் சோதனை ரத்து.

"சொல்லுங்க சார். எது?"

பூபதி நெற்றியைத் தடவினார். "மூணாவது..." என்று இழுத்தார்.

தாரணி கண்களை மூடிக்கொண்டாள்.

"மூணாவது ரொம்ப நல்லா இருக்குதுங்க," என்றார் பூபதி. "ஆனா அது அவ இல்லீங்க. அது கேக்கறப்ப எனக்கு ஒண்ணுமே ஆகலையே. இதுல அவ யாருமே இல்லீங்க."

"உறுதியாச் சொல்றீங்களா? மாத்த முடியாது."

"உறுதிதானுங்க."

நஸ்ரினின் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அடுத்த சுற்று தொடங்கியது. ஒரு போலி, இன்னொரு போலி. பூபதி சாய்ந்த தலையை நிமிர்த்தவே இல்லை. நஸ்ரின் தாரணியைப் பார்த்துக் கண்ணால் சைகை செய்தார்.

தாரணி மூச்சை இழுத்தாள். "மழை வர்ற மாதிரி இருக்குது," என்றாள். "மாடியில காயற துணிய எடுத்து வைங்க!"

பூபதி எழுந்துவிட்டார். யோசித்து எழவில்லை, எண் எதுவும் சொல்லவில்லை, நாற்காலி பின்னால் சாய, கதவின் பக்கம் ஓர் எட்டு வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "அப்பவே எடுத்து வச்சுட்டனே தாரணி!" என்றார் அவசரமாக.

பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. "எந்த எண்ணுன்னு சொல்லணுமில்லீங்க," என்று தடுமாறினார். "நான் கவனிக்கலீங்க மேடம். அதுக்குள்ள எந்திரிச்சுட்டேன். மறுபடி போடறீங்களா?"

"வேண்டியதில்ல சார்," என்றார் நஸ்ரின். சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் பச்சைப் பொத்தானை அழுத்தியதும் நடுக்கதவின் பூட்டு திறந்துகொண்டது. வராந்தாவில் காத்திருந்த தளிர் உள்ளே ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

"இந்தப் பதிவ நீங்க சாகறவரைக்கும் யாரும் தொட முடியாது," என்றார் நஸ்ரின். "உங்க குரல் உங்களுக்குத்தான் அக்கா. குளத்துக்குப் போங்க."

பூபதி கதவருகே நின்று கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். எவ்வளவு துடைத்தும் அது தெளியவில்லை. மனைவி அருகில் வந்ததும் மெல்ல, "கல்யாணமான புதுசுல இருந்த குரல், தாரணி. அப்படியே இருக்குது," என்றார். "எனக்குத்தான் வயசாகிப்போச்சு. இத வச்சுக்கிட்டு நீ என்னையக் கூப்பிட்டா ஊரு சிரிக்காதா?"

"கவலப்படாதீங்க," என்றாள் தாரணி. வராந்தாவின் மறுகோடி வரை கேட்டது. "உங்ககூட ஒரு வருஷம் கத்துனா, இதுக்கும் என் வயசு வந்துரும்."